கிளெனுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

உட்கார்ந்தால் ட்ரேசிக்கு எழுந்திருக்க மனம் வராது. அன்று உட்காரவே நேரமில்லை. புந்தோங்கில் அவள் வீட்டில் சாயங்காலம் வீட்டு ஜெபம். வாதம் வந்து விழுந்த அப்பா பெர்னார்ட்டைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி, சக்கர நாற்காலியில் சாய்த்துவிட்டு, ஜெபத்துக்கு வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள். அவர்கள் சாப்பிட மீகூன் சேமியா பிரட்டியதும் அவள்தான்.

அப்பா, செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர். படுத்ததும் ஒரு பிள்ளைக்குத்தான் சொந்தமானார். அண்ணன் கிளெனுக்குக் குனோங் ராபாட்டில் மாடி வீடு. கீழறையில் பழைய பெட்டிகள் குடியிருக்கின்றன. எப்போதாவது ஆரஞ்சுப் பழத்தோடு வருவான், அப்பாவின் நெற்றியில் முத்தமிடுவான், போய்விடுவான்.

ஜெபத்தை நடத்திய பிரதர் சுகுமாரன், தேவன் இஸ்ரவேலைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றிப் பேசினார். அவர்கள் பெரியவர்கள் என்று தேவன் தெரிந்துகொள்ளவில்லையாம்; மற்ற ஜனங்கள் ஆசீர்வதிக்கப்படத்தானாம். உடனே, அன்று வந்திருந்த கிளென் எழுந்து சாட்சி சொன்னான்.

"எங்க வீட்டுல கர்த்தர் தெரிஞ்சிக்கிட்டது ட்ரேசியத்தான். அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கல."

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க அண்ணனுக்கா சொல்லித்தர வேண்டும்? ட்ரேசிக்கு எரிச்சல்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

கடைசியில் ஜெபக்குறிப்பு கேட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் அதற்காக ஜெபித்து, எல்லாரும் ஆமேன் சொல்வது அங்கே வழக்கம். மறுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. இதுவரை தனக்கென்று எதுவும் கேட்காத ட்ரேசி வாய் திறந்தாள்.

"அண்ணனையும் கர்த்தர் தெரிஞ்சிக்கிட்டாரு பிரதர். அப்பாவப் பாத்துக்க ரெண்டு மாசம் கர்த்தர் அவரப் பயன்படுத்தணும்னு ஜெபிச்சிக்குங்க. எனக்கு முடியல லா."

சுகுமாரன் கொஞ்சம் தயங்கினார். பிறகு கண்ணை மூடி, அவள் சொன்னதையே ஜெபித்து முடித்தார். ஆமேன் வரவில்லை. அவரவர் பாயைப் பார்த்தார்கள். கிளென் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆ... மேன்."

சக்கர நாற்காலியிலிருந்து வந்தது. கோணிய வாயால் அப்பா அந்த ஒரு சொல்லை இழுத்துப் பிடித்துச் சொல்லி முடித்திருந்தார். அதன் பிறகுதான் மற்றவர்களும் சொன்னார்கள்.

சனிக்கிழமை கீழறையைக் காலி செய்கிறேன் என்று கிளென் முணுமுணுத்தான். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மகளை விட்டுப்போக அப்பாவே முதல் ஆளாக ஆமேன் சொல்லும்படி ஆயிற்றே என்று ட்ரேசிக்கு நெஞ்சு வெந்தது. மீகூன் எடுத்து வருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனவள், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.