பெல்ட்டைத் தாண்டும் ஆள்

பாதுகாப்பு வாரத்துக்குப் படம் வரைய வேண்டும் என்று சேஃப்டி ஆபீசர் கோபாலகிருஷ்ணன் சார் என்னைக் கூப்பிட்டபோது, இன்னொரு போஸ்டர் என்றுதான் நினைத்தேன். மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே ஒரு வாசகம். டிராயிங் ஆபீசில் வரைபடங்களைப் பிரதியெடுக்கும் டிரேசராகச் சேர்ந்த ஏழு வருஷத்தில் அப்படி எத்தனையோ வரைந்து கொடுத்தாயிற்று. எவனும் நின்று பார்த்ததில்லை. அதன் அடியில் வெற்றிலை எச்சில் துப்ப வாகாக இருக்கும், அவ்வளவுதான்.

"போஸ்டர் இல்லம்மா காந்திமதி. அசையற படம், கார்ட்டூன். ரெண்டு நிமிஷம் ஓடணும். பெல்ட்டைத் தாண்டறவங்களைப் பத்தி" என்றார்.

பெல்ட் என்றால் மைன்ஸிலிருந்து மண்ணை மேலே கொண்டுவரும் ரப்பர் பெல்ட். இடுப்பு உயரத்தில், ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு, மைல் கணக்கில் ஓடும். அதைக் கடக்க இரும்புப் பாலம் இருக்கிறது, போர்டும் இருக்கிறது. பாலம் வரை நடக்க முடியாத மகராசர்கள், பெல்ட் நிற்கிற சமயம் பார்த்து ஏறி, ஒரு எட்டு வைத்து, அந்தப் பக்கம் குதித்துவிடுவார்கள். நிற்கிற பெல்ட் எப்போது கிளம்பும் என்பது தூரத்தில் கேபினில் இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

சார் கேட்டது எளிது. ஆள் ஏற வேண்டும், பெல்ட் கிளம்ப வேண்டும், டமால், ரத்தம்.

"அப்படி எடுத்தா ஒரு பயலும் பயப்பட மாட்டான் சார்" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. போன மாதம் டவுன்ஷிப் கொட்டகையில் பார்த்த ஒரு திகில் படத்தைச் சொன்னேன். கொலைகாரன் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு நின்றான். கொட்டகையே ஒரு தரம் துள்ளியது. அடுத்த நொடி எல்லோரும் சிரித்துவிட்டு வேர்க்கடலைக்குத் திரும்பிவிட்டார்கள். அதே படத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருப்பாள். பின்னால் கொல்லைக் கதவு தாழ்ப்பாள் போடாமல் கிடக்கும். அது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் நாலு முழம் தொடுத்து முடிக்கிறவரை ஒருவரும் கடலையைத் தொடவில்லை. என் பக்கத்து குவார்ட்டர்ஸ் செங்கமலம் எழுந்தே நின்று, "தாப்பா போடாம பூ கட்டிக்கினு கெடக்கறா பாரு" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள்.

சார் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "சரி, உங்க இஷ்டப்படி செய்ங்க. நாற்பது நாள்தான் இருக்கு."

வேலை எனக்குப் புதிதில்லை என்று தெம்பாக ஆரம்பித்தேன். கண்ணாடி மேசை, அடியில் டியூப் லைட், டிரேசிங் பேப்பர், எல்லாம் நான் தினமும் புழங்குவதுதான். தாள்கள் நகராமலிருக்க, மேல் ஓரத்தில் இரண்டு ஓட்டை குத்தி மேசையில் இரண்டு ஆணியில் மாட்டிக்கொண்டேன். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றையும் விளம்பரப் பிரிவு ராயப்பன் காமிராவில் இரண்டு இரண்டு தடவை எடுத்துக்கொள்வார். முதலில் ஆரம்பமும் முடிவும் வரைய வேண்டும், அப்புறம் நடுவில் உள்ளதை நிரப்ப வேண்டும்.

முதல் வாரம் வரைந்ததெல்லாம் குப்பை. என் ஆள் குதிக்கவே இல்லை, யாரோ தூக்கிப் போட்ட மூட்டை மாதிரி அந்தப் பக்கம் போய் விழுந்தான். ராயப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. குதிப்பது குதிக்கிற படத்தில் இல்லை, அதற்கு முன்னால் முழங்கால் மடங்குகிற படத்தில் இருக்கிறது. ஆள் குனிந்தால்தான் குதிக்கப் போகிறான் என்று நம் உடம்புக்குத் தெரியும். குனிந்த நிலையில் எவ்வளவு நேரம் வைக்கிறேனோ அவ்வளவு நேரம் பார்க்கிறவன் மூச்சு விட மாட்டான். ஒரே தாளைக் காட்டிக்கொண்டே இருந்தால் மிஷின் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். அதனால் அதே குனிந்த ஆளை மூன்று தாளில் டிரேஸ் செய்து மாற்றி மாற்றி வைத்தேன். கோடு லேசாகத் துடிக்க, ஆள் உயிரோடு காத்திருந்தான்.

ஒழுங்காகக் குனிகிற ஆளைப் பார்த்து வரைய வேண்டுமே. என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் மைன்ஸில் பெல்ட் பகுதியில் ஃபிட்டர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் கட்டிலை நடுவில் போட்டு, "இதுதான் பெல்ட்டு. தாண்டுங்க பாப்போம்" என்றேன். மனிதருக்கு ஒரே குஷி. பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்து, "சினிமால என் பேரப் போடுவியா?" என்று கேட்டார். பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்கினார். நான் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தேன். வலது தோளை லேசாகச் சாய்த்து, இடது காலைக் கொஞ்சம் வீசி வைக்கிற அவர் நடை அப்படியே தாளில் வந்தது. எனக்கே என் கையை மெச்சத் தோன்றியது.

தாள்களை விரலில் சரசரவென்று ஓட்டிப் பார்த்தபோதுதான் இடித்தது. எல்லாத் தாளிலும், ஏறுவதற்கு முன்னால் அவர் இடது கை மேலே போய் எதையோ பிடித்தது. கட்டிலுக்கு மேலே வெறும் காற்றுதான்.

"அங்க என்ன இருக்கு?"

"எங்க?"

"இடது கையால என்னத்தப் பிடிக்கீங்க?"

"கம்பம்" என்றார். பெல்ட்டின் ஓரத்தில் நிற்கிற கம்பம்.

"எத்தன நாளா?"

"எல்லாரும் செய்றதுதான் காந்தி. பாலத்தச் சுத்தி வந்தா ரெண்டேகால் பஸ்ஸு போயிரும். அடுத்தது மூணு மணிக்குத்தான். கெளம்பும் முன்ன சங்கு ஊதும்லா, இறங்கிருவேன்."

பென்சிலை வீசியெறிந்தேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவரில்லாமல் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது, அதையும் சொன்னேன். அவர் கட்டிலைப் பழைய இடத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, "சரி, இனிமே தாண்டல" என்றார். அது பொய் என்று அவர் குரலே சொன்னது.

அதற்குப் பிறகு அந்தப் படம் எனக்கு ஆபீஸ் வேலையாக இல்லை. ஆள் நடந்து வருகிறான். கேபினில் ஒரு கை பொத்தானை நோக்கி நகர்கிறது. ஆள் கம்பத்தைப் பிடித்து, ஏறி, பெல்ட்டில் நின்று குதிக்கக் குனிகிறான். கை இன்னும் நெருங்குகிறது. ஆள் குனிந்திருக்கிறான். இதுவரை வரைந்துவிட்டேன். மிச்சம் இருந்தது பெல்ட் கிளம்புகிற இடம். அந்தத் தாளை ஆணியில் மாட்டி மூன்று நாள் உட்கார்ந்தேன். அந்த முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. எப்படி வரைவேன்? நாற்பது நாள் கெடு முடிந்ததும் இருந்ததைத் தூக்கி ராயப்பனிடம் கொடுத்துவிட்டேன்.

கேன்டீன் ஹால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி மத்தியானம் படம் போட்டார்கள். இருநூறு பேர் இருந்திருப்பார்கள். ஆள் திரையில் நாலு எட்டு வைத்ததும், என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற முத்தாண்டிக்குப்பம் தெய்வசிகாமணி, "யோவ், நம்ம சங்கரலிங்கம் நடந்துகினு வராருய்யா" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. என் வீட்டுக்காரரும் பின் வரிசையில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கேபின் கை வந்தது. சிரிப்பு குறைந்தது. ஆள் பெல்ட்டில் குனிந்தபோது புரொஜெக்டர் சத்தம் மட்டும் கேட்டது. கை பொத்தானைத் தொட்டது, ஆள் குனிந்தே இருந்தான், திரை வெள்ளையாகிவிட்டது.

"வாணாம்ப்பா" என்று தெய்வசிகாமணி மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"முடிவு எங்கம்மா?" என்று சார் கேட்டார். "வரைய வரல சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "இருநூறு பேருக்கு முன்னால என்னைய நிக்க வச்சிட்டியேட்டி." அவ்வளவுதான். இரண்டு நாள் பேச்சே இல்லை. போட்டதைத் தின்றார், ஷிஃப்ட்டுக்குப் போனார். தாண்டினாரா இல்லையா என்று கேட்க எனக்கும் ரோஷம் விடவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. எனக்கு லீவு, அவருக்கு முதல் ஷிஃப்ட். இரண்டேகால் பஸ் வந்து முக்கில் நிற்கிற சத்தம் கேட்டது. எங்கள் பிளாக் ஆட்கள் ஒவ்வொருவராக வாசலைத் தாண்டிப் போனார்கள். இவரைக் காணோம். பஸ்ஸில் வந்த, அவர் ஷிஃப்ட்டிலேயே வேலை செய்கிற ராஜாங்கத்தைத் தெருவில் மறித்து, "அவர் வரலியா?" என்றேன்.

"ஷிஃப்ட் முடிஞ்சப்ப பின்னாலதான் வந்துகினு இருந்தாரு. நாங்க ஓடி பாலத்துல ஏறி பஸ்ஸப் புடிச்சிட்டோம். அப்பறம் பாக்கலிங்க."

இரண்டு நாள் கோபத்தில் வேண்டுமென்றே தாண்டியிருப்பாரோ? நடந்து முக்குக்குப் போய் நின்றேன். அடுத்த பஸ் மூன்று மணிக்கு. குனிந்த ஆளை இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நீட்டி நீட்டி வைத்த பாவி நான். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். செங்கமலம் வந்து, "உள்ள வந்து குந்துங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை.

மூன்று மணி பஸ் வந்தது. கடைசி ஆளாக இறங்கினார், சட்டையெல்லாம் வேர்வை, முகம் கடுகடுவென்று.

"இப்ப திருப்திதான? கம்பத்துல கை வச்சேன். முழங்கால் மடங்கல. திரும்பி வந்து பாலத்தச் சுத்தி வந்தா பஸ்ஸு போயிட்டு. முக்கா மணி நேரம் வெயில்ல நின்னேன்" என்று அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினார்.

"நானுந்தான் நின்னேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

மேலே கத்தப் போனவர் என் காலைப் பார்த்தார். தார் ரோட்டில் நான் செருப்பில்லாமல் நின்றிருந்தேன். தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளிவிட்டு, "வா, பசிக்கி" என்று முன்னால் நடந்தார்.