நான்காவது பாட்டின் பெண்குரல்

விமர்சனத்தை அவன் படிக்கவில்லை. ஒலிப்பதிவு செய்யும் மொட்டைதான் வாசித்துக் காட்டினான். ஒலிப்பதிவுக் கூடத்தின் சுழல் நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான். முதல் ஆல்பத்துக்கு இந்த வேலை மனைவியுடையது. விமர்சகர் மூக்கால் பேசுகிறவர் என்று அவளாகவே முடிவு கட்டி, கெட்ட வரிகளையெல்லாம் மூக்கால் வாசிப்பாள். சிரிப்பில் பாதி வலி போய்விடும்.

"'இரண்டாவது ஆல்பத்தில் தடுக்கி விழுகிறவர்களே அதிகம். இவர் விழவில்லை. வரிகள் கூர்மையாகியிருக்கின்றன, கிட்டார் தேவையான இடத்தில் இரைகிறது. நான்காவது பாட்டில் கூடச் சேரும் பெண்குரல் மட்டும் சுருதியில் நிற்கவில்லை. யார் என்று அட்டையில் பெயர் இல்லை. நல்லவேளை.'"

"அப்புறம்?"

"அவ்வளவுதான்டா. நல்லவேளை, முற்றுப்புள்ளி."

மனைவியின் பெயரைப் போடாதது அவன்தான். போட்டால் முன்னால் 'மறைந்த' என்று சேர்க்க வேண்டும். அதற்குக் கை வரவில்லை. இப்போது ஒருவர் சொன்னதைப் பத்துப் பேர் திருப்பிச் சொல்லிவிட்டார்கள். ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனி அக்கா போன் செய்தார். புது ஃபைலை ஏற்றினால் பழையது இணையத்திலிருந்து போய்விடும், யாருக்கும் தெரியாது என்றார். மேடையில் பாடுகிற கொழுந்தியாள் இருக்கிறாளே, அவளையே பாடவைக்கலாம் என்றும் அவரேதான் சொன்னார். சரி என்று இவன் தலையாட்டிவிட்டான், போனில் தலையாட்டினால் தெரியாது என்ற நினைவில்லாமல்.

அவனுக்கு விமர்சகர் மேல் பயமில்லை. அவர் சொன்னது சரிதான் என்று தன் காதே சொன்னதில்தான் பயம். ஆல்பம் வெளிவந்த அன்றே அவனுக்கும் கேட்டது. மயிரிழைதான், ஆனாலும் விலகல். இனி அவளை நினைக்கும்போதெல்லாம் அந்த விலகலும் கூடவே வருமோ? இருக்கிற ஒரே குரல் பதிவு அது. அதையும் எடுத்துவிட்டால் பிறகு எதைக் கேட்பது?

கொழுந்தியாள் தோள்பையைக் கழற்றியபடியே உள்ளே வந்தாள்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? பாடப்போறது நான்."

"அவன் மூஞ்சியே அதுதாம்மா," என்றான் மொட்டை. "கல்யாண போட்டோவைப் பாரு."

அவள் இன்னும் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. கேட்கத் துணியவில்லை என்று அவளே சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். மொட்டை பாட்டை ஓடவிட்டான். முதலில் அவள் உதடு கோணியது, கண் நிறைந்தது. பிறகு புருவம் நெரிந்தது. அழுகிற முகம் அப்படிச் சட்டென்று சந்தேகப்படும் முகமாக மாறி அவன் பார்த்ததில்லை.

"மாமா, குரல் அக்காதான். ஆனா அவ இப்படிப் பாட மாட்டாளே!"

"அவதான்."

"மிக்சி ஓடினாக்கூட அந்தச் சத்தத்தோட சேர்ந்து முனகுவா. மின்விசிறி வேகம் குறைஞ்சா இவளும் குறைப்பா. எதோட சேர்ந்தாலும் ஒட்டிக்குவா. இதுல யார்கூடப் பாடினா?"

"என்கூட."

மொட்டையின் கை விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டது.

"டேய்," என்றான் மெல்ல. "உன் குரலோட சுருதியை நான் கம்ப்யூட்டர்ல திருத்தினேன்டா. எல்லாப் பாட்டுலயும்தான், எல்லாருக்கும் பண்றதுதான். அவங்களதைத் தொடாதேன்னு நீதானே கையைப் பிடிச்ச?"

மொட்டை திரையில் அந்தத் திருத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டான். இப்போது அவன் குரல் சுருதிக்குக் கீழே கிடந்தது. அவளுடையதும் கீழே, அதே இடத்தில், நூல் நுழைய இடமில்லாமல்.

வீட்டுப் படுக்கையறையில், கதவிடுக்கில் துணி அடைத்துப் பதிந்த பாட்டு. அன்று அவனுக்குச் சளி. சுருதி இறங்குவது அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். நீ இறங்குகிறாய் என்று சொல்லவில்லை. கூடவே இறங்கி வந்துவிட்டாள்.

இப்படிச் சொல்லாமல் இன்னும் எங்கெல்லாம் இறங்கி வந்தாள்? அந்தக் கடைசி மாதங்களில் 'ஒண்ணுமில்ல, சும்மா அசதி' என்றாளே, அது யாருடைய சுருதிக்கு?

போன் அதிர்ந்தது. கம்பெனி அக்கா. அவன் எடுக்கவில்லை.

"இப்படியே போடு," என்றான்.

"யோசிச்சுச் சொல்லு. அந்த ஆளு அடுத்தது உன்னைத்தான் கிழிப்பான். கம்பெனியும் சும்மா விடாது."

"கிழிக்கட்டும். அவ பேரையும் போட்டுடு."

"எப்படிப் போடட்டும்?" மொட்டை அவனைப் பார்க்காமல் கேட்டான்.

"வெறும் பேரு."

கண்ணாடிக்கு அப்பால் கொழுந்தியாள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

பாட்டு முடிந்தது. ஆல்பத்தில் அந்த இடத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள். பதிவு மட்டும் நிற்காமல் ஓடியது. திரையில் கோடு தட்டையாக நீண்டது. சற்றுத் தள்ளி, அவளுடைய குரலின் தடத்தில் மட்டும், சின்னதாக ஒரு மேடு. பாட்டு முடிந்ததும் அவள் என்னவோ சொல்லியிருக்கிறாள். அவனுக்கு ஞாபகமில்லை. அவ்வளவு தூரம் இதுவரை யாரும் ஓடவிட்டதில்லை.

"நிறுத்தவா?" என்று மொட்டை விரலைத் தூக்கிக் காத்திருந்தான்.

திரையில், ஓடும் இடத்தைக் காட்டும் ஒற்றைச் சிவப்புக் கோடு மேட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.