மட்கார்டில் ஒரு கீறல்

பச்சைமுத்துவுக்கு வண்டி ஓட்டுவதைவிட வண்டி துடைப்பதில்தான் பெருமை. பெங்களூர் அல்சூரில் இன்ஜினியர் சீனிவாசராகவன் வீட்டில் அவன் டிரைவர். அந்த வீட்டுக் கறுப்பு ஆஸ்டின் காரைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை இடது மட்கார்டில் ஒரு கீறல் இருந்தது. அதன்மேல் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது.

"நேத்து சாயங்காலம் வரதன் எடுத்துண்டு போனான். கிளப் கேட்டுல உரசிட்டான்" என்றார் சீனிவாசராகவன், பேப்பரிலிருந்து தலை நிமிராமல். வரதன் அவருடைய ஒரே பிள்ளை. "கராஜுக்கெல்லாம் போக வேண்டாம். நீயே சரி பண்ணிடு."

பச்சைமுத்து மண்ணெண்ணெய்த் துணியால் பச்சையை எடுத்தான். பாலிஷ் பசையை விரலில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தான். கொஞ்சம் அழுத்தினாலும் கறுப்பு போய் அடிப்பூச்சு இளித்துவிடும். பிறகு மெழுகு பூசிக் காயவிட்டு மெருகேற்றினான். கீறல் எங்கே இருந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. அழுக்குத் துணிகளை வழக்கம்போல் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, சந்தோஷமாகவே வீடு திரும்பினான்.

தொம்மலூரில் அவன் சந்து முழுக்க ஒப்பாரி. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பாவை முந்தின நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் சைக்கிளோடு ஏதோ கார் இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. யாரென்றே தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் மத்தியானம் போய்விட்டான். ராத்திரி ஷிஃப்டுக்குப் போனதாக நினைத்திருந்தாள் அவன் பெண்டாட்டி யசோதா.

பொங்கலுக்குக் கிருஷ்ணப்பா தன் சைக்கிளுக்குக் கிளிப்பச்சை அடித்தபோது, டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பச்சைமுத்து. காலையில் துணியில் ஒட்டி வந்ததும் அதே பச்சைதான்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். இன்ஸ்பெக்டர் பங்களாவுக்கு வந்தார். மட்கார்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"எல்லி? எங்கேப்பா கீறல்?" என்றார் கன்னடமும் தமிழுமாக.

"நான்தான் சார் தேச்சு எடுத்தேன்."

"தேச்ச துணி?"

"அடுப்புல எரிஞ்சுபோச்சு சார்."

"நன்னாக் குடிச்சுட்டு வந்திருக்கான்" என்றார் சீனிவாசராகவன் நிதானமாக. "பச்சைமுத்து, நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்."

மாடி ஜன்னலில் வரதன் நின்றிருந்தான். பச்சைமுத்து நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டான். இன்ஸ்பெக்டர் காபி குடிக்க உட்கார்ந்தார்.

பச்சைமுத்துவின் மனைவி பாஞ்சாலி துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுபோயிருந்தாள். அவனும் அங்கே போய் நின்றான்.

"அண்ணா, போலீஸ் நீ வேலை செய்யிற வூட்டுக்கு வந்துச்சாமே. நீ அங்கதானே இருந்தே, ஒண்ணுமே பாக்கலியா?" என்றாள் யசோதா.

"பாத்தேம்மா. என்னான்னு தெரியாம என் கையாலயே அழிச்சிட்டேன்."

யசோதா எழுந்தாள். சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். அவனும் பாஞ்சாலியும் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

பச்சைமுத்து தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். பாஞ்சாலி கூப்பிட்டுப் பார்த்தாள், தோளைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.