மூத்த மருமகள் நம்பர்

பல் செட் செய்யும் லேபில், பல் அச்சில் கல்மாவு ஊற்றுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. தண்ணீரில் கலந்த மாவு சில நிமிடங்கள்தான் ஓடும் பதத்தில் இருக்கும். அதற்குள் அச்சின் ஓர் ஓரத்தில் சிறுகச் சிறுக விட்டு, அதிரும் மேடைமேல் பிடித்து, மறுஓரம்வரை தானாகப் பரவ விடவேண்டும். நடுவில் கையை எடுத்தால் காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்ளும். அது சிக்கிய இடத்தில் பல்லுக்குப் பதில் பள்ளம்.

அங்கே வேலை பார்க்கும் மூத்த மருமகள் பாதி அச்சு நிரப்பியிருந்தபோது, வீட்டிலிருந்து கொழுந்தன் போனில் கூப்பிட்டான்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க."

"கையெல்லாம் மாவு தம்பி."

"கொஞ்சம் லேட்டானாலும் செத்துடும் அண்ணி."

கையைத் துடைத்துவிட்டுப் படித்துச் சொன்னாள். அச்சில் குமிழ்.

லேப் முதலாளி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு கெட்டா, உங்களைக் கழுவுற மேஜைக்கு மாத்திடுவேன்மா." அவர் குரலை உயர்த்தாதது இன்னும் வலித்தது.

கல்யாணமான புதிதில் 'பொறுப்பான பொண்ணு' என்று பெயர் வாங்கியதன் பலன் இது. மாமனாரின் பென்ஷன், மாமியாரின் மருந்து ஆர்டர், கொழுந்தனின் வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அவள் நம்பர்தான்.

அன்று மாலையே எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்தாள். அவள் நம்பரை எடுத்துவிட்டு அவரவர் நம்பரைப் போடப்போனால், ஒவ்வொரு ஆப்பும் பழைய நம்பரான அவளுக்கே ஓடிபி அனுப்பித்தான் சம்மதம் கேட்டது.

"என்னைக் கழட்டிவிடறதுக்கும் நானேதான் வேணும் போல."

மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை. "ஒரே நம்பர்ல இருந்தா குடும்பம் ஒத்துமையா இருக்கும்மா."

"அந்த ஒத்துமை உங்க பெரிய பிள்ளை நம்பர்ல இருக்கட்டுமே அத்தை."

"அவன் வேலைக்குப் போறவன்."

"அப்ப நான் என்ன, அங்க பல்லு குத்திக்கிட்டு உக்காந்திருக்கேனா?"

கொழுந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனுக்குள் குனிந்தான். கடைசியில் மாமனார் மட்டும் மிச்சம். சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குக் கணவனின் நம்பரைப் போட்டாள்.

"நான் மீட்டிங்ல இருப்பேனே," என்றான் அவன்.

"வெளிய வந்து படிச்சுச் சொல்லுங்க."

மறுநாள் மதியம், மாவு அச்சின் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பக்கத்து மேஜைக்காரி, "யாருன்னு பாக்கட்டா அக்கா?" என்றாள்.

"வேண்டாம். அடிக்கட்டும்."

மாவு மறுஓரத்தைத் தொட்டது. அது இறுகக் காத்திருந்து, அச்சை உரித்தாள். ஒரு பல்லிலும் பள்ளமில்லை. முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த அச்சை அவளிடமே தந்தார்.

அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள். அடித்தது மாமனார். கணவன் மெசேஜ் அனுப்பியிருந்தான்: 'மேல இருக்கறது அப்பாவோட ஓடிபி. மீட்டிங்ல இருக்கேன், நீயே அவருக்குப் படிச்சுச் சொல்லிடு.' அதன் கீழே: 'செத்துப்போச்சு. அப்பா கத்துறார். என்ன பண்றது?'

"வெளிய வாங்க" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, மாவைக் கலக்க ஆரம்பித்தாள்.