ஏப்ரல் பதினாறில் இடமில்லை

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் ஊரில் திதி கொடுப்பதென்றால், அந்தத் தேதியில் முன்பே உட்கார்ந்திருக்கும் சரித்திரச் சண்டையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லோரும் வாங்குகிறார்கள். எனக்கு மட்டும்தான் இதில் ஏதோ கள்ளத்தனம் இருப்பதாகத் தோன்றுகிறது.

என் மனைவி ஆவுடை போய் ஆறு வருடம் ஆகிறது. சித்திரை மாதம், வளர்பிறை அஷ்டமி. இந்த வருடம் அது ஏப்ரல் பதினாறில் வந்து விழுந்தது. முந்தின நாளே குளித்து, வேட்டி கட்டி, மேலே கோட்டு மாட்டிக்கொண்டு, தேதிகளைப் பதிந்து தரும் ஆண்டுநாள் அலுவலகத்துக்குப் போனேன்.

காத்திருக்கும் அறையில் ஆர்புரோத் பிரகடனம் உட்கார்ந்திருந்தது. ஸ்காட்லாந்துக்கு விடுதலை கேட்டு எழுதிய கடிதம். வயது எழுநூறு தாண்டிவிட்டது. அரக்கு முத்திரைகள் சாவிக்கொத்து மாதிரி தொங்கின. அதன் நாள் ஏப்ரல் ஆறு. முடிந்து ஒன்பது நாளாயிற்று. பிறகு இங்கே என்ன வேலை? கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த நாற்காலியில் குலோடன் சண்டை. ஊருக்கு வெளியே, புல்வெளியில், ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறில் நடந்தது. தோளில் அன்றைய பனிமழை இன்னும் காயவில்லை. ஏப்ரல் பதினாறு அதனுடையது.

"எவ்வளவு நேரம் எடுத்துச்சு?" என்றேன், ஒரு மரியாதைக்கு.

"ஒரு மணி நேரம்கூட இல்ல. உங்க வீட்டம்மாவுக்கு?"

"மூணு மாசம். ஆஸ்பத்திரியில."

சண்டை நகர்ந்து இடம் விட்டது. பிறகு காதோரம் குனிந்தது.

"என் தேதியே சுத்தமில்ல. பின்னால காலண்டரை மாத்தினப்போ பதினோரு நாளை முழுங்கிட்டாங்க. இன்னைக்குக் கணக்குல நான் இருபத்தேழு. வெளியே சொல்லிராதீங்க."

இதை எதற்கு என்னிடம் சொல்கிறது? கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

ஜன்னலில் இருந்த குமாஸ்தா மக்கின்னன். சிவப்புத் தாடி. பேசியது அசல் திருநெல்வேலித் தமிழ். எங்கே படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

தினசரிக் காலண்டர் தாள்களை நீட்டினேன். வருடா வருடம் திதியன்று கிழித்து வைத்தவை.

"மே பன்னெண்டு. மே ஒண்ணு. ஏப்ரல் இருவது. மே ஒம்பது. ஏப்ரல் இருவத்தெட்டு." அவர் நிமிர்ந்தார். "ஏம்வே, ஒரு பொம்பள எத்தன மட்டம் சாவா?"

"ஒரு மட்டந்தான். திதி நகரும்."

"எங்க சண்டை எதாவது நகருதா?"

திரும்பிப் பார்த்தேன். குலோடன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாவம். காட்டிக்கொடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில என்ன எழுதினான்?"

"ஏப்ரல் இருவத்திமூணு. அது டாக்டர் தேதி. அவ போனது அஷ்டமியில."

"டாக்டர் தேதிக்கே கையெழுத்துப் போடும். வருசா வருசம் இடம் உண்டு. அதுக்குப் பொறவு அவ அசையமாட்டா."

பேனாவை வாங்கினேன். ஆவுடை ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட நாலு தடவை எழுந்து போவாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முடியாது."

"அப்பம் அவ சாகவே இல்லன்னுதான் எழுதுவேன். பொறவு வந்து நிக்கக்கூடாது."

"எழுதும்."

அப்படியே எழுதி, முத்திரை குத்தித் தாளைக் கொடுத்தார். குலோடன் எழுந்து நின்று வழிவிட்டது.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். ஆவுடை திறந்தாள். கையில் பாதி உரித்த சின்ன வெங்காயம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோட்டுக்குள்ள வேட்டி எதுக்கு? யாருக்குத் திதி?"

"யாருக்கும் இல்ல. சும்மா."

"சும்மா குளிக்கிற ஆளா நீங்க?"

தாளைப் பைக்குள் தள்ளினேன். ஆறு வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்து கிளம்பிவிடுவாள்.

மறுநாள் காலை அவள் சுவர்க் காலண்டரிடம் போனாள். அதில் ஏப்ரல் பதினைந்து இருந்தது. அதற்கு அடியில் அஷ்டமி.

"நேத்துத் தாளைக் கிழிக்கலையா?"

"இருக்கட்டும்."

"கண்ணு முழிச்சதும் கிழிக்கிற ஆளாச்சே?" என்று சந்தேகமாகக் கையை நீட்டினாள்.

நான் குறுக்கே போய்க் காலண்டர்மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். சாப்பிடக் கூப்பிடுகிறாள். வெங்காயச் சாம்பார் வாசனை வருகிறது. நகரவில்லை.