கறை இல்லாத விரிப்பு

செல்லியின் விரிப்பு, துவைக்கும் முன் வேலியில் கிடந்தது. சசிகலா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கறை இல்லை.

செல்லிக்குக் கல்யாணம் முடிந்து இன்று ஆறாவது நாள். ஆறு நாளும் பார்த்தாயிற்று.

சசிகலா அந்த வீட்டின் மூத்த மருமகள். ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவள். இருபது வயதில் மலைக்கு வாழ வந்தாள். அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: விரிப்பை மறைக்காதே, மாமியார் பார்க்கட்டும். அவள் மறைக்கவில்லை. மாமியார் சாந்தம்மாள் பார்த்தாள். எதுவும் பேசாமல் உட்கார்ந்து, தன் காலிலிருந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றிக் கொடுத்தாள்.

பதினோரு வருடமாக அது சசிகலாவின் காலில் கிடக்கிறது. கணவன் மாதையன் என்ன பேசினாலும் அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொள்வாள்.

செல்லி மலையிலேயே பிறந்த புதூர்நாட்டுக்காரி. இருபத்திரண்டு வயது. புளியமரத்தில் ஏறி உலுக்குவாள். மாதையனின் தம்பி சதீஸ்குமார்தான் அவள் கணவன். ஜீப் ஓட்டுகிறான். வண்டியை நிறுத்தியதும் அவளோடு உட்கார்ந்து புளியங்கொட்டை எடுக்கிறான். அவர்கள் அறையில் அவள் சிரிப்பது முற்றம் வரை கேட்கிறது. சசிகலாவின் அறையில் யாரும் சிரித்ததில்லை.

மாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். வெறுமனே சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். நர்சு வாயால் வர வேண்டும்.

"வாடி, நர்சம்மாகிட்ட ரத்தம் பாத்துட்டு வரலாம். புதுப்பொண்ணுங்க பாக்கணும்."

"எனக்கு இன்னாக்கா? கல்லு மாதிரி கீறேன்."

"கல்லுக்கும் பாப்பாங்க. கெளம்பு."

சதீஸ்குமார் இருவரையும் ஜீப்பில் சுகாதார நிலைய வாசலில் கொண்டுபோய் இறக்கினான். "அண்ணி, ஊசியப் பாத்தா ஓடிருவா. கைய புடிச்சுக்கோங்க."

"ஓடுறது யாரு? முள்ளு குத்துனதுக்கு நேத்து கண்ண மூடிக்கினது யாரு?" என்றாள் செல்லி.

அவன் சிரித்தான். சசிகலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்சு ஆனந்தி, செல்லியின் விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். "பதினொண்ணு. கொஞ்சம் கம்மி. மாத்திரை தர்றேன்." செல்லி வாங்கிக்கொண்டு வெளியே போனதும் சசிகலா கதவைச் சாத்தினாள்.

"நர்சம்மா, அவள உள்ள பாத்து சொல்லணும்."

"இன்னாத்த?"

"முன்னாடியே கெட்டுப்போனவளான்னு. ஆறு நாளா விரிப்பு சுத்தமா கீது."

"அவ விரிப்ப நீ எதுக்குப் பாக்குற?"

சசிகலா கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டாள்.

"அவ கேக்காம அவ மேல கை வெக்க மாட்டேன். வெச்சாலும் சொல்ல முடியாது."

"அப்ப வேலூர் டாக்டரு?"

"எந்த டாக்டராலயும் முடியாது." ஆனந்தி மாத்திரை அட்டைகளைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி இரண்டு விரல்களில் மாட்டினாள். "கன்னித்திரைன்னு பேர் வெச்சுட்டாங்க. நீங்க திரைன்னதும் மூடியிருக்கும்னு நெனச்சுக்கிறீங்க. மூடியிருந்தா மாசாமாசம் வர்றது எப்படி வரும்? வாசல் ஓரமா ஒரு மெல்லிசு சவ்வு. பொறக்கும்போதே நடுவுல தொறந்துதான் இருக்கும். ஆளுக்கு ஆளு வேற மாதிரி." விரல்களை விரித்தாள். வளையம் விரிந்தது. "இப்படி விரிஞ்சு குடுக்கும். நெறைய பேருக்கு ரத்தமே வராது."

"மரம் ஏறுறவ. அதுல கிழிஞ்சிருந்தா?"

"மரம் ஏறட்டும், ஏறாம போகட்டும். அந்தச் சவ்வ வெச்சு ஒருத்தி யாருகூடயாவது இருந்தாளா இல்லியான்னு கண்டுபிடிக்க முடியாது சசி."

"எனக்கு வந்துச்சே!" நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "மூணு நாள் வந்துச்சு."

ஆனந்தி வளையத்தை மேசையில் வைத்தாள்.

"மூணு நாளா?"

"ஆமா."

"சில பேருக்குக் கொஞ்சமா வரும். மூணு நாள் வந்தா அது காயம். பயந்துட்டியா அன்னைக்கு?"

சசிகலா கொலுசைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"கேட்டாரா?"

வெளியே செல்லி எதற்கோ சிரித்தாள். சசிகலா கதவைத் திறந்துகொண்டு போனாள்.

திரும்பும்போது ஜீப்பின் பின்பக்கம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றத்தில் வண்டி இரைந்தது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த சதீஸ்குமாருக்குக் கேட்காது.

"மொத நாளு அவன் உங்கிட்ட இன்னா சொன்னான்?"

"ஐய, இன்னாக்கா கேக்குறீங்க?" செல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். "பயமா கீதான்னாரு. ஆமான்னேன். சரி தூங்குன்னுட்டாரு. மூணு நாள் வெறும் பேச்சுதான். பள்ளிக்கூடத்துல அடி வாங்குன கதை மொத்தமும் சொன்னாரு."

மூன்று நாள்.

சசிகலா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காலையில் செல்லியின் பேரைக் கெடுத்தால் போதும் என்றிருந்தது. இப்போது அந்த மூன்று நாள் வேண்டும் என்றிருந்தது. அது கிடைக்காது. பேரையாவது கெடுக்கலாம்.

முற்றத்தில் சாந்தம்மாள் கட்டையால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். செல்லியும் சதீஸ்குமாரும் உள்ளே போனார்கள். சசிகலா மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தே, அவ விரிப்புல ரத்தமே இல்ல. ஆறு நாளா பாக்குறேன்."

"இல்லாட்டி நல்லதுதான?" கட்டை நிற்கவில்லை.

"எனக்கு இருந்துச்சே. அதுக்குத்தான கொலுசு குடுத்தீங்க?"

கட்டை நின்றது.

"அதுக்குத்தான். எம்புள்ள ஒரு பொண்ண இப்படிப் பண்ணி வெச்சிருக்கானேன்னு குடுத்தேன். எங்கிட்ட வேற இன்னா இருந்துச்சு?"

புளித்தோடு இருவர் மடியிலும் சிதறிக் கிடந்தது.

"நீ அத இன்னான்னு நெனச்ச?" என்றாள் சாந்தம்மாள்.



உள்ளேயிருந்து மாதையன் குரல் கொடுத்தான். "சோறு போட ஆள் கீதா இல்லியா இந்த வூட்ல?"

பழக்கத்தில் சசிகலா எழுந்தாள். கொலுசு சத்தம் போட்டது. நின்றாள்.

"நீ உக்காரு," என்று சாந்தம்மாள் கட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

இன்னொரு அறையில் செல்லி சிரிக்க ஆரம்பித்தாள். சசிகலா கட்டையைக் கையில் எடுத்தாள். தட்டாமல், அந்தச் சிரிப்பு முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.