எங்கள் தெருவுக்கு மூட்டை இல்லை

விடிய இன்னும் நேரமிருந்தது. அதற்குள் மடிப்பு இயந்திரம் சூடேறி, காகிதத் தூளையும் எண்ணெய் நாற்றத்தையும் கக்கிக்கொண்டிருந்தது. கையுறை போட்டால் தாள் நழுவும்; போடாவிட்டால் தாளின் ஓரம் விரலைக் கீறும். நாங்கள் போடுவதில்லை. கீறிய விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே அடுத்த தாள்கட்டை எடுப்போம். லாரி நிற்கும் பக்கத்துக் கதவைத் தூக்கும்போதெல்லாம் அக்டோபர் குளிர் முதுகில் வந்து உட்கார்ந்தது.

தேர்தல் வந்தால் வெல்டன் அச்சகத்துக்கு அறுவடைக் காலம். டெட்ராய்ட்டை ஒட்டிய எங்கள் ஊரில் அந்த ஆண்டு மேயர் தேர்தல். ஒரு வேட்பாளரின் பிரசுரம் வீட்டுக்கு வீடு போகவேண்டும், நண்பகலுக்குள் மூட்டைகள் தபால் நிலையம் சேரவேண்டும் என்று முதலாளி வெல்டன் எங்களை இருட்டிலேயே வரச்சொல்லிவிட்டார். எங்களில் பாதிப்பேர் ஏமன்காரர்கள், மீதி என்னைப்போல் தெற்கு லெபனானிலிருந்து வந்தவர்கள். கார் தொழிற்சாலை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு இப்படிப்பட்ட இடங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

இயந்திரத்தை ஓட்டுபவள் வாண்டா. போலந்துக்காரி, ஊரின் மேற்குப் பக்கம். நல்லவள்தான், ஆனால் லெபனான்காரர்கள் செய்த விமானக் கடத்தலைத் தொலைக்காட்சியில் காட்டிய வாரம் முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கடத்தியவன் என் மச்சானா, கொழுந்தனா? கேட்கவேண்டும் என்று நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

மடிந்து விழும் தாளை அள்ளிக் கட்டுபவர் அபூ ராஷித். ராஷித்தின் அப்பா என்று பொருள். அந்த ராஷித்தை அவர் கடைசியாகப் பார்த்தபோது குழந்தைக்குப் பல் முளைக்கவில்லை. மனைவியும் மகனும் இன்னும் ஏமனில்தான். அவர்களை அழைத்துக்கொள்ள, இவருக்கு நிலையான வேலை இருக்கிறது என்று முதலாளி அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டும். அடுத்த வாரம் சொல்வதாக வெல்டன் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்டுகளைத் தெருவாரியாக மூட்டையில் போடுவது என் வேலை. படம் வெளியே, எழுத்து உள்ளே என்று மடித்திருந்ததால் என்ன பிரசுரம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. தொழிற்சாலைப் புகைக்கு அடியில் கிடக்கும் எங்கள் தெற்குத் தெருக்களில் ஒன்றுக்குக்கூட மூட்டை இல்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று, பெரிய பொறுப்புள்ளவளாக முதலாளியிடமே போய்ச் சொன்னேன்.

"மிஸ்டர் வெல்டன், எங்க பக்கம் விட்டுப்போச்சு. எங்க தெருவுக்கு மூட்டையே இல்ல."

அவர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். "அங்க வேணாம் நஜ்வா. பிரசுரம் குடுத்தவங்க அப்படித்தான் கேட்டிருக்காங்க."

"நாங்களும் ஓட்டுப் போடறவங்கதானே?"

"வேலையப் பாரும்மா."

திரும்பி வந்தேன். சற்று நேரத்தில் இயந்திரம் எதையோ கடித்துக்கொண்டு தாள்களைத் தரை முழுக்கத் துப்பியது. வாண்டா திட்டிக்கொண்டே நிறுத்தினாள். அபூ ராஷித் மண்டியிட்டுப் பொறுக்கத் தொடங்கினார். எழுத்துள்ள தாளை மிதிக்க எங்களுக்குக் கால் வராது. அதில் எங்காவது இறைவன் பெயர் இருந்துவிட்டால்? ஒவ்வொரு தாளையும் சட்டைக் கையால் துடைத்தார். உதட்டில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஒன்றை மட்டும் விரித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"இது கசங்கிடுச்சு, ஆகுமா பாரு தங்கச்சி. என்ன எழுதியிருக்கு? குடும்பம் அழகா இருக்கே, நாய்க்குட்டியோட!"

படித்தேன். நம் ஊர் நம் கையைவிட்டுப் போகிறது என்று தொடங்கியது. அரபிகள் நம் வரிப்பணத்தில் உட்கார்ந்து தின்கிறார்கள். நம் பள்ளிகளை நிரப்புகிறார்கள். நம் பூங்காவை நாறடிக்கிறார்கள். இன்னும் எத்தனை குடும்பங்கள் அங்கே விமானம் ஏறக் காத்திருக்கின்றன தெரியுமா? எனக்கு வாக்களியுங்கள், இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன்.

ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. வரி வரியாக அரபியில் சொன்னேன்.

அபூ ராஷித் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்தார்.

அவர் மேசையைவிட்டு விலகி நின்றார். நானும் நின்றேன். விஷயம் மேசைக்கு மேசை பரவி, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கையைக் கட்டினார்கள். சத்தம் குறைந்ததும் வெல்டன் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன இங்க?"

"இத எங்களால மடிக்க முடியாது" என்றேன், தாளை நீட்டி.

"அட, இது உங்களப் பத்தி இல்ல நஜ்வா. நீங்கல்லாம் நல்லவங்க. இது மத்தவங்கள."

"அந்த மத்தவங்க எங்க இருக்காங்க? எங்களப் பத்தி இல்லேன்னா எங்க தெருவுக்கு மட்டும் ஏன் மூட்டை போடல?"

"நான் அச்சடிக்கிறவன். சர்ச்சுக்கும் அடிக்கிறேன், பீட்சா கடைக்கும் அடிக்கிறேன். என்ன எழுதணும்னு நானா சொல்றேன்?"

"பீட்சாக்காரன் எங்கள வெச்சு சுடலியே."

கதவருகே லாரிக்கார லூதர் சிரித்துவிட்டான். வெல்டனின் காது சிவந்தது. "மடிக்க மாட்டேங்கறவங்க கோட்ட எடுத்துட்டுக் கெளம்பலாம்" என்றார். பிறகு அபூ ராஷித்தைச் சுட்டிக் காட்டினார். "அடுத்த வாரம் இவன் பொண்டாட்டி விஷயமா நான் பேசணும்ல? அத ஞாபகப்படுத்து அவனுக்கு. அவன் பாஷையிலயே சொல்லு."

அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. சொல்லிவிட்டு என்னுடையதையும் சேர்த்தேன்: "நீங்க மடிச்சிடுங்க அபூ ராஷித். ஒருத்தரும் உங்களக் குறை சொல்ல மாட்டோம். நாங்க மட்டும் நிக்கிறோம்." மனதாரத்தான் சொன்னேன். ஒரு மனிதன் தன் பிள்ளையைப் பார்ப்பதைவிடப் பெரிதா இது?

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ வந்து எந்தக் கடைக்குப் போனாலும், எந்தக் கதவத் தட்டினாலும், அவளுக்கு முன்னாடி இது அங்க போயிருக்கும். என் கையாலயே மடிச்சு அனுப்பிட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவள வான்னு கூப்பிடறது?"

"என்ன சொல்றான்?" என்றார் வெல்டன்.

எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நாசமாப் போங்க. வாண்டா, நீ ஓட்டு. நானே கட்டறேன்."

இயந்திரம் கிளம்பியது. தாள் மடிந்து மடிந்து விழ, வெல்டன் அள்ளினார். ஒரு கட்டு நேராக்குவதற்குள் பத்துக் கட்டுக்கான தாள் சரிந்தது. விரல் கீறி ரத்தம் வந்தது. உதறிக்கொண்டு மறுபடி அள்ளினார். வாண்டா அவரைப் பார்த்தாள், அபூ ராஷித்தைப் பார்த்தாள். அவள் வீட்டு வாசலில் அதே வேட்பாளரின் பிரசாரப் பலகை நட்டிருப்பது எனக்குத் தெரியும். அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்ன செய்யற?" என்று கத்தினார் வெல்டன்.

"பூங்காவுல இவங்க அடுப்பு மூட்டறது எனக்குப் பிடிக்காது. இப்பவும் பிடிக்காது" என்றாள் வாண்டா, என்னை முறைத்துக்கொண்டே. "அதுக்காக ஒருத்தன் பொண்டாட்டி புள்ளைய வெச்சு மிரட்டுவீங்களா? நீங்களே ஓட்டிக்கோங்க."

"லூதர்! ஏத்தின வரைக்கும் போதும், வண்டிய எடு!"

கறுப்பர்களுக்கு இந்த ஊரில் வீடு கொடுக்கமாட்டார்கள். லூதர் தினமும் டெட்ராய்ட்டிலிருந்துதான் வருவான். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"இந்த ஊர்ல நான் வேலை செய்யலாம், குடியிருக்க முடியாது மிஸ்டர் வெல்டன். எங்களப் பத்தியும் ஒரு காலத்துல இப்படித் தாள் போயிருக்கும். யாரோ ஒருத்தன் வண்டி ஓட்டியிருப்பான்ல?"

லாரியில் ஏறி, முதல் மூட்டையைக் கீழே தள்ளினான். நாங்கள் ஓடிப்போய் மற்றவற்றை இறக்கினோம்.

வெல்டன் கண்ணாடி அறைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். யாரை அழைக்கிறார்? போலீஸா, வேறு ஆட்களையா, அந்த வேட்பாளரையா? நாளைக்கு எங்களில் யாருக்கு வேலை இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. ஏமனில் ஒரு பெண் காத்திருக்கிறாள், அவளுக்கும் இது தெரியாது. பயமாகத்தான் இருந்தது. வாண்டா, தான் உட்கார்ந்திருந்த மூட்டையில் நகர்ந்து அபூ ராஷித்துக்கு இடம் விட்டாள். இறக்கிய மூட்டைகளின்மேல் நாங்கள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

கண்ணாடிக் கதவு திறந்தது. முதலாளி வெளியே வந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.